ஆண்டவன் இல்லத்தில் ஒரு சுவர்!

ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஆவடியிலே ஆலைச் சங்கு ஓய்ந்திருக்கிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலே இயந்திரங்களின் இரைச்சல் தணிந்திருக்கிறது. பூந்தமல்லிச் சாலையிலே வண்டிகளின் நெரிசல் சற்றே குறைந்திருக்கிறது. கோயில் மணி ஒலிக்கிறது. வெளுத்த உடை, வாரிய தலை, கையிலே வேதப்புத்தகம். குடும்பம் குடும்பமாக மக்கள் நடக்கிறார்கள். மழையென்றும் வெயிலென்றும் பாராமல், வாரந்தவறாமல் செல்பவர்கள் அவர்கள்.

யார் இவர்கள்? 1960-களிலே ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தபோது, பிழைப்புத் தேடி இப்பகுதிக்கு வந்தவர்களும் அவர்தம் பிள்ளைகளும் இவர்களிலே பலர். நெல்லையிலிருந்து வந்தவர் உண்டு, குமரியிலிருந்து வந்தவர் உண்டு, ஆர்க்காட்டுச் சேரியிலிருந்தும் செங்கற்பட்டுக் குடியிருப்பிலிருந்தும் வந்தவர் உண்டு. ஆறு நாள் ஒரே கடைசல் எந்திரத்தின் முன் நிற்கிறார்கள். ஏழாம் நாள் ஒரே பலகையில் தோளோடு தோள் உரச அமர்கிறார்கள். முன்னே அமர்ந்தவர் இன்ன சாதி, பின்னே அமர்ந்தவர் இன்ன சாதி என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

"இதிலென்ன வியப்பு? கோயிலென்றால் அப்படித்தானே இருக்கும்!" என்று எண்ணும் இளைஞர்கள் இருக்கக்கூடும். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம். அந்தப் பலகையிலே அப்படி அமர்வதற்கு இந்த நாட்டிலே முந்நூறு ஆண்டுக்கால வழக்கு ஒன்று நடந்தது. வீதியில் நடந்தது, நீதிமன்றத்தில் நடந்தது, இரத்தம் சிந்தியும் நடந்தது. தொழச் செல்லும் எளிய மக்களே வாதிகள். தொழச் செல்லும் மேட்டுக்குடியினரே பிரதிவாதிகள். நடுவிலே நின்றது ஒரு சுவர்!

கடவுள் உண்டா இல்லையா என்ற வாதத்தை இங்கே நாம் எடுக்கவில்லை. தொழுவோரை எள்ளி நகையாடுவதும் நம் நோக்கமன்று. "கடவுளின் முன் யாவரும் சமம்" என்று கேட்டு உள்ளே சென்ற மனிதனை, அந்தக் கடவுளின் வீட்டுக்குள்ளேயே தமிழ்நாட்டுச் சாதி எப்படித் துரத்திச் சென்று பிடித்தது, அவன் எப்படித் திமிறினான் என்பதுதான் நாம் சொல்லவரும் கதை.

1606-ஆம் ஆண்டு மதுரைக்கு வந்தார் இத்தாலிய நாட்டுப் பாதிரியார் இராபர்ட் டி நொபிலி. காவி உடுத்தினார், புலால் நீக்கினார், மேற்சாதியாரைத் தம் பக்கம் இழுக்க முனைந்தார். அங்கே முன்பே ஒரு கோயில் இருந்தது. பரதவ மக்கள் அங்கே தொழுதுவந்தனர். தாம் அழைக்கும் உயர்குலத்தார் அங்கே வரமாட்டார்கள் என்று கண்ட நொபிலி, தமக்கென வேறொரு கோயில் அமைத்தார். பின்னர் 1640-ஐ ஒட்டி, மேல்சாதியாருக்குச் சந்நியாசி வேடத்தில் ஒரு குருவும், மற்றவருக்குப் பண்டாரம் வேடத்தில் ஒரு குருவும் என்ற ஏற்பாடும் பிறந்தது. ஆண்டவன் ஒருவன், வேதம் ஒன்று, குருமார் மட்டும் இரண்டு வகை! விருந்துக்கு வந்தவன் வீட்டுக்காரன் கெட்டுப்போன பழக்கத்தையெல்லாம் கற்றுக்கொண்ட கதை இது.

"அது கத்தோலிக்கரின் போக்கு, சீர்திருத்தச் சபையார் அப்படியல்லர்" என்று சொல்வாருண்டு. தரங்கம்பாடியைப் பார்ப்போம். 1706-இல் அங்கே வந்திறங்கிய சீகன்பால்குவின் பெயரைத் தமிழ் அச்சுக்கலை மறவாது. ஆனால் அவர் தோற்றுவித்த சபையிலும் இருக்கைகள் சாதிவாரியாகவே பிரிந்தன. 1733-இல் அச்சபை முதன்முதலாக ஒரு தமிழருக்குக் குருப்பட்டம் அளித்தது. ஆரோன் என்னும் அவர் வேளாளர். அதே காலத்தில் தஞ்சைப் பகுதியிலே இராசநாயக்கன் என்றொரு உபதேசியார் இருந்தார். படைவீரராக இருந்தவர், அடியும் மிரட்டலும் தாங்கி ஊர் ஊராகச் சபை வளர்த்தவர். குருப்பட்டத்துக்கு அவரினும் தகுதியுடையார் யார்? ஆனால் கிடைக்கவில்லை. ஏன்? அவர் தாழ்த்தப்பட்ட குலத்தவர். அவர் கையால் நற்கருணை பெற மேல்சாதிக் கிறிஸ்தவர் இசையமாட்டார்கள் என்று பாதிரிமார் அஞ்சினர். பாடுபட ஒரு கை, படைக்க வேறொரு கை! இதை எழுதும்போது நமக்கு நம்மூர்க் கர்ப்பக்கிரகத்தின் நினைவு வருகிறது. உங்களுக்கும் வரும்.

இனி, 1745-ஆம் ஆண்டுக்கு வருவோம். இந்த ஆண்டை இளைஞர்கள் நினைவில் நிறுத்தவேண்டும். அந்த ஓராண்டிலே தமிழ்நாட்டின் இரு கோடிகளில் இரு நிகழ்ச்சிகள் நடந்தன.

மே மாதம் 14-ஆம் நாள், நெல்லைச் சீமையின் தென்கோடியிலுள்ள வடக்கன்குளத்தில் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றார். நீலகண்டன் என்ற பெயருடன் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் பணியில் இருந்த அவர், அன்று முதல் தேவசகாயம் ஆனார். மதம் மாறியது மட்டும் அவர் செய்த குற்றமன்று; தாழ்ந்தோர் என்று தள்ளப்பட்டோருடன் சமமாகப் பழகியதும் மேட்டுக்குடியினரின் சினத்தைக் கிளறியது என்று திருச்சபையே கூறுகிறது. சிறையும் சித்திரவதையும் கடந்து, 1752 சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே 1745-இன் அக்டோபர் மாதம், புதுச்சேரியிலே மற்றொரு நிகழ்ச்சி. அதை நமக்கு எழுதி வைத்தவர் துய்ப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கம் பிள்ளை. அவருடைய நாட்குறிப்பிலே காண்கிறோம்: கிறிஸ்தவக் கோயிலுக்குள்ளே ஒரு சுவர். ஒரு பக்கம் ஆதிதிராவிடர். மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவரும் ஐரோப்பியரும். சுவர் எழுப்பப்பட்ட நாளிலிருந்து அதுவே வழக்கம். அவ்வாண்டு ஆதிதிராவிட மக்கள் திரண்டு சென்று பெரிய பாதிரியாரிடம் முறையிட்டனர். "நாங்களும் உங்கள் சீடர்கள்தாமே? எங்களுக்கு மட்டும் ஏன் இந்தப் பிரிவு?" என்பதே அவர்கள் கேள்வி. கேள்வியிலே நியாயம் இருந்தது; சுவர் இடிக்கப்பட்டது. உடனே மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கூடினர். இனிக் கோயிலுக்குப் போவதில்லை என்று முடிவு கட்டினர்!

கவனியுங்கள், தோழர்களே! புத்தகம் படித்தறியாத அந்த மக்கள், பிரெஞ்சு நாட்டிலே சமத்துவ முழக்கம் எழுவதற்கு நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, பிரெஞ்சுக்காரன் ஆண்ட புதுச்சேரியிலே சமத்துவம் கேட்டார்கள். மேலிருந்து யாரும் அதை அவர்களுக்கு ஊட்டவில்லை. தொழச் சென்றவர்களே கேட்டார்கள். தொழச் சென்ற மற்றவர்கள், சமத்துவம் வந்தால் சாமியே வேண்டாம் என்றார்கள்!

நம் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலே கிழக்கு நோக்கிச் சென்றால் வேப்பேரியை அடைவோம். சென்னைச் சீர்திருத்தச் சபையின் மூத்த இடங்களுள் ஒன்று அது. 1833-ஆம் ஆண்டு கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் தென்னாட்டுச் சபைகளுக்கு ஒரு கடிதம் விடுத்தார். சாதி வேற்றுமையைச் சபைகள் முற்றிலும், உடனடியாக, இனி ஒருநாளும் திரும்பாத வகையில் கைவிடவேண்டும் என்பது அதன் சாரம். வேப்பேரியிலே அது வாசிக்கப்பட்டது. என்ன நடந்தது? மேல்சாதிச் சபையார் கூட்டமாக எழுந்து வெளியேறினர். தஞ்சையிலும் இதே கதை. 1850-இல் சென்னைப் பாதிரிமார் பலரும் கூடிச் சாதியைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியபோதும், லைப்சிக் லுத்தரன் சபையார் அதை ஏற்கவில்லை.

எழுதிய கட்டளைகளுக்குக் குறைவில்லை. ஆனால் ஏட்டிலே எழுதிய கட்டளை இருக்கையை அசைக்கவில்லை.

பிறகு எது அசைத்தது? மக்களின் துணிவு அசைத்தது. திருவிதாங்கூரின் தென்பகுதியிலே நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்துத் துணி அணிவதே குற்றமெனக் கருதப்பட்ட காலம் அது. இலண்டன் மிஷன் கோயில்களுக்குச் சென்ற பெண்கள் குப்பாயம் அணிந்தனர்; மேல்சீலையும் அணிந்தனர். கோயிலுக்குச் செல்வது என்பது அவர்களுக்கு வெறும் வழிபாடா? இல்லை! மானத்தை உடுத்திக்கொண்டு வீதியில் நடப்பது. அதைப் பொறுக்காத கூட்டம் 1820-களிலும், பின்னர் 1858, 1859-லும் வெறியாட்டம் ஆடியது. பெண்களின் ஆடை கிழிக்கப்பட்டது. கோயில்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. ஆனாலும் அடுத்த ஞாயிறு அவர்கள் மீண்டும் நடந்தார்கள். 1859 சூலையில் மன்னரின் பிரகடனம் வந்தது. மேல்சாதிப் பெண்கள் அணியும் முறையில் மட்டும் அணியக்கூடாது என்ற வாலையும் ஒட்டிக்கொண்டே வந்தது அந்த உரிமை! வாலை மக்கள் பின்னர் தாமே அறுத்துக்கொண்டனர்.

அந்தப் போர்க்களத்துக்கு அருகிலேதான் நாம் முன்பு கண்ட வடக்கன்குளம் இருக்கிறது. இனி அங்கே திரும்புவோம். தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற ஊர். சமத்துவத்துக்காகவும் உயிர் கொடுத்தவர் என்று போற்றப்படும் ஒருவரின் ஊர். அந்த ஊர்க் கோயில் எப்படி இருந்தது தெரியுமா?

திருக்குடும்ப ஆலயம் என்று அதற்குப் பெயர். குடும்பம் என்றால் கூடியிருப்பது. கோயிலோ பிரிந்திருந்தது! 1872-இல் வழிபாட்டுக்கு வந்த அந்தக் கட்டடம் உலகிலே எங்கும் காணக்கிடைக்காத விந்தை. பீடம் ஒன்று, அதிலிருந்து கவட்டைபோல் விரியும் கூடங்கள் இரண்டு. ஒரு கூடத்திலே வேளாளர், முதலியார் முதலான மேல்சாதியார். மறு கூடத்திலே நாடார் முதலான மற்றவர். இரு கூடத்துக்கும் இடையிலே தடுப்பு. பூசை செய்யும் குருவை இரு சாராரும் காணலாம். ஒருவரை ஒருவர் காணவேண்டியதில்லை! வெள்ளைக்காரப் பாதிரியார்கள் வேடிக்கையாகக் "கால்சட்டைக் கோயில்" என்றனர். வேடிக்கைதான்! ஆனால் அந்தக் கால்சட்டையைத் தைக்கச் சொல்லி அளவு கொடுத்தது யார்? நம் நாட்டுச் சாதி!

ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். சாதியைக் கண்டு சலித்த ஒரு பாதிரியார் ஓலை எழுதலாம், தீர்மானம் போடலாம். ஆனால் இங்கே சாதி, சுண்ணாம்பும் கல்லுமாக எழுந்து நின்றுவிட்டது. கொத்தனார் நூல் பிடித்துக் கட்டியிருக்கிறார். ஞாயிறுதோறும் ஒரு குழந்தை அந்தக் கூடத்துக்குள் கைபிடித்து அழைத்துச் செல்லப்படும்போது, வேதப்பாடத்தை அறியுமுன்பே, தான் எந்தக் கூடத்துக் குழந்தை என்பதை அறிந்துவிடுகிறது. பிரசங்கம் அரைமணி நேரம் பேசும். சுவர் ஆண்டு முழுவதும் பேசும். எந்தப் பாடம் மனத்தில் பதியும்?

ஏறத்தாழ நாற்பதாண்டு அந்தச் சுவர் பேசியது. 1910-இல் அதன் வாயை அடைத்தார் கௌசானல் அடிகள் என்ற பிரெஞ்சு நாட்டுப் பாதிரியார். தடுப்பு அகற்றப்பட்டது. மேல்சாதியார் கொதித்தனர். கோயில் எங்களுக்கென்று கட்டப்பட்டது, இடித்ததை மீண்டும் எழுப்பு என்று ஆயர்மீது வழக்குத் தொடுத்தனர். மைக்கேல் பிள்ளை எதிர் பார்த்தே என்று சட்டப் புத்தகங்களில் இன்றும் அவ்வழக்கு நிற்கிறது. மைக்கேல் என்ற வானதூதனின் பெயர் முன்னே. பிள்ளை என்ற சாதியின் பெயர் பின்னே! அந்தப் பெயருக்குள்ளேயே வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது அல்லவா?

சென்னை உயர்நீதிமன்றம் அவர்கள் கேட்டதைக் கொடுக்க மறுத்தது. கிறிஸ்தவனாக இருந்துகொண்டே தீட்டையும் மேல்சாதி உரிமையையும் கோரியவர்களுக்கு நீதிமன்றம் கைகொடுக்கவில்லை. சுவர் மீண்டும் எழவில்லை. ஆனால் கட்டடத்தின் இரு கால்களும் மறையவில்லை. வருங்காலத்தார் பார்த்து வெட்கப்படட்டும் என்று அவை நின்றன.

"சரி, 1910-லே சுவர் வீழ்ந்தது, கதை முடிந்தது" என்று ஏட்டை மூடிவிடாதீர்கள். சாதிக்குக் கால்கள் உண்டு. கூடத்திலிருந்து துரத்தினால் அது கல்லறைக்கு ஓடும். கல்லறையிலிருந்து துரத்தினால் தேரோடும் தெருவிலே நிற்கும். தெருவிலிருந்தும் துரத்தினால் திருமண ஓலைக்குள் புகுந்துகொள்ளும். கள்ளக்குறிச்சிப் பகுதியிலுள்ள இறையூரைப் பாருங்கள். அங்கே தாழ்த்தப்பட்ட கத்தோலிக்கர், தம் பிணத்தை முதன்மைத் தெரு வழியே கொண்டுசெல்லவும் பங்குக் கோயிலிலே சமமாக அமரவும் உரிமை கேட்டனர். கிடைக்காதபோது தமக்குத் தனிப் பங்கு வேண்டுமென்றனர். 2008 மார்ச் 9-ஆம் நாள் அவர்கள் குடியிருப்புத் தாக்கப்பட்டது. போலீசு சுட்டது, வன்னியக் கிறிஸ்தவர் இருவர் மாண்டனர். சேரியிலே வீடுகள் சிதைந்தன. ஊரிலே இரண்டு பிணங்கள் விழுந்தன. இழவு இரு பக்கமும்; இலாபம் சாதிக்கு! திருச்சி மேலப்புதூரிலே கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தை ஒரு சுவர் பிரித்து நின்ற செய்தி 2010-இல் நாடெங்கும் பேசப்பட்டது. உயிர்த்தெழும் நாளிலும் தனித்தனி வாசல் வழியே எழுவார்களோ!

இங்கே நம்மை நாமே சுட்டிக்காட்ட வேண்டிய ஓரிடம் வருகிறது. வடக்கன்குளத்திலே சுவருக்கு அப்பால் வைக்கப்பட்டவர் பிற்பட்ட வகுப்பார். இறையூரிலே வழிமறித்தவரும் பிற்பட்ட வகுப்பார். மேலிருப்பவன் மிதித்தால் நீதி கேட்கிறோம். கீழிருப்பவன் நிமிர்ந்தால் மிதிக்கப் போகிறோம். தன் முன்னே நின்ற சுவரை இடித்தவன், அந்தக் கல்லையே சுமந்து சென்று தன் பின்னே நிற்பவனுக்கு முன்னால் அடுக்குகிறான். ஆரியத்தைக் குறை சொல்லி மட்டும் இதிலிருந்து நாம் தப்பிவிட முடியாது. கல் நம் தோளில் இருக்கிறது!

தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர் கேட்கும் நீதிக்கு மற்றொரு முட்டுக்கட்டையும் உண்டு. அது சர்க்கார் எழுப்பிய சுவர். 1950 ஆகஸ்டு 10-ஆம் நாள் பிறந்த குடியரசுத் தலைவரின் ஆணை, தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இந்துவுக்கு மட்டும் இடமளித்தது. 1956-இல் சீக்கியர் சேர்க்கப்பட்டனர். 1990-இல் பௌத்தர் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் வெளியே நிற்கின்றனர். "உங்கள் மதத்திலே சாதி இல்லையே, பின் சலுகை எதற்கு?" என்று கேட்கிறது சட்டம். "சாதி இல்லை என்று யார் சொன்னது?" என்று கேட்கிறது கல்லறைச் சுவர். சட்டத்தின் முன் கிறிஸ்தவன், சபையின் முன் சேரிக்காரன்! இருபுறமும் அடி வாங்கும் மத்தளம் அவன். 2007-இல் அரசிடம் அளிக்கப்பட்ட இரங்கநாத் மிஸ்ரா ஆணையத்தின் அறிக்கை இத்தடையை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றி மத்திய அரசை வற்புறுத்தியது. கோரிக்கைக்கோ எழுபதாண்டு கடந்துவிட்டது.

2022 மே 15-ஆம் நாள் உரோமாபுரியிலே தேவசகாயம் புனிதராக உயர்த்தப்பட்டார். அதற்குமுன் ஒரு சிறு திருத்தம் நிகழ்ந்தது. அதுகாறும் அவர் பெயரோடு ஒட்டி வழங்கிய "பிள்ளை" என்ற சாதிப் பட்டத்தை நீக்கவேண்டும் என்று குரல் எழுந்தது. அறிவிப்பிலே அப்பட்டம் இல்லை. மாண்டு 270 ஆண்டு கழித்து அந்த மனிதருக்குச் சாதியிலிருந்து விடுதலை! மாண்டவருக்கு இத்தனை ஆண்டு என்றால், வாழ்பவருக்கு எத்தனை ஆண்டு?

மீண்டும் ஆவடிக்கு வருவோம். பூசை முடிந்து மக்கள் கலைகிறார்கள். நெல்லைக்காரரும் ஆர்க்காட்டுக்காரரும் வாசலிலே நின்று நலம் விசாரிக்கிறார்கள். ஆலைத் தொழிலும் நகர வாழ்வும் பலகையைப் பொதுவாக்கிவிட்டன. புதுச்சேரியிலே 1745-இல் முறையிட்டவர்களின் வெற்றி இது. தெற்கே ஆடை கிழிபட்டும் நடந்த பெண்களின் வெற்றி இது. இதைச் சிறிதென்று நாம் சொல்லமாட்டோம்.

ஆனால் அதே வாசலிலே, பெண்ணுக்கு மணமகன் தேடும் தந்தை ஓலையிலே என்ன எழுதுகிறார்? கிறிஸ்தவர் என்று எழுதி, அதன் பக்கத்திலே ஒரு சொல்லைச் சேர்க்கிறார். அந்த ஒரு சொல்தான் வடக்கன்குளத்துச் சுவர்! கல்லால் கட்டியது 1910-இல் வீழ்ந்தது. சொல்லால் கட்டியது வீழவில்லை.

இளைஞர்களே! கோயிலுக்குப் போகும் நண்பனைக் கண்டால், "ஏன் போகிறாய்?" என்ற வாதத்தோடு மட்டும் நின்றுவிடாதீர்கள். "யாரோடு போகிறாய்? யாரை அடக்கம் செய்த மண்ணில் உன் தந்தையை அடக்கம் செய்வாய்? யார் வீட்டில் பெண் எடுப்பாய்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, கோயிலுக்குப் போகாத உங்களையும் அதே கேள்வியால் சோதித்துக்கொள்ளுங்கள். தொழுபவனுக்கும் தொழாதவனுக்கும் இந்தத் தேர்வுத்தாள் ஒன்றுதான்.

புதுச்சேரியிலே சுவரை இடிக்கச் சொல்லி நின்ற அந்த எளியவர்களின் பெயர்கூட நமக்குக் கிட்டவில்லை. அவர்கள் கேட்ட கேள்வி கிட்டியிருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம்.